அம்மா அப்பாவின் வீட்டை ஈடு வைத்து 'இன்வெஸ்டர்' ஆகாதீர்கள்

இருபத்தைந்து வயதுக்குள் முதல் இன்வெஸ்ட்மென்ட் வீட்டை வாங்காவிட்டால் வாழ்க்கையில் பின்தங்கிவிட்டோம் என்று எங்கட பெடியள் மத்தியில் ஒரு எண்ணம் பரவிக் கிடக்கிறது. இதை யார் பரப்பினார்கள் என்று தேடி அலைய வேண்டியதில்லை. ஸ்காபரோவிலோ மார்க்கத்திலோ ஏதாவது ஒரு தமிழ்க் கடைக்குப் போய், வாசலில் அடுக்கியிருக்கும் இலவசப் பத்திரிகையைத் தூக்கிப் பாருங்கள். கோட்டும் டையும் போட்டுச் சிரித்துக்கொண்டு பக்கத்துக்குப் பக்கம் வீடு விற்கும் ஏஜென்ட்மார். அவர்களுக்கு இடையில் மோட்கேஜ் ஏஜென்ட்மார். தப்பித் தவறி ஒரு மரண அறிவித்தல் வந்தால், அதற்குக் கீழும் ஒரு ஏஜென்ட்டின் அனுதாபம், போன் நம்பரோடு.

விளம்பரம் செய்வது அவர்கள் தொழில். அதில் எனக்குக் கோபம் இல்லை. என் கோபம் அவர்கள் எங்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஒரு வழி மேல்: அம்மா அப்பாவின் வீட்டில் கடன் எடு, அதை டவுன் பேமென்ட்டாகப் போடு, கொண்டோ ஒன்று வாங்கு, வாடகைக்கு விடு, பிறகு படுத்திருந்து பணக்காரன் ஆகு.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். தன் வாடகையில் தானே நிற்க முடியாத வீடு முதலீடு அல்ல. விலை ஏறும் என்று கட்டும் பந்தயம் அது. அந்தப் பந்தயத்துக்கு அம்மா அப்பா குடியிருக்கும் வீட்டைப் பணயம் வைக்க எங்களுக்கு உரிமை இல்லை.

ஈக்குவிட்டி 'சும்மா தூங்குதாம்'

முதலில் காசு எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். கனடாவில் நீங்கள் குடியிருக்காமல் வாடகைக்கு விடுவதற்கென்று ஒரு வீடு வாங்கினால், குறைந்தது 20 சதவீதம் டவுன் பேமென்ட் போட வேண்டும். 650,000 டொலர் கொண்டோ என்றால் 130,000 டொலர். யூனிவர்சிட்டி முடித்து இரண்டு வருடம் வேலை செய்த, மாணவர் கடனே இன்னும் கட்டி முடிக்காத ஒருவரிடம் இந்தக் காசு இருக்காது.

அப்போதுதான் ஏஜென்ட் அந்த வசனத்தைச் சொல்வார்: "தம்பி, உங்கட அப்பா அம்மாட வீட்டில ஈக்குவிட்டி சும்மா தூங்குதெல்லோ. அதை எழுப்புங்கோ."

கேட்க நல்லாகத்தான் இருக்கிறது. ஆனால் ஈக்குவிட்டி என்பது வீட்டுக்குள் எங்கேயோ ஒளித்து வைத்திருக்கும் காசு அல்ல. வீட்டின் இன்றைய விலையிலிருந்து மிச்ச மோட்கேஜைக் கழித்தால் வரும் எண் அது, அவ்வளவுதான். அதைக் கையில் எடுக்க இரண்டு வழிதான்: வீட்டை விற்பது, அல்லது வீட்டை ஈடு வைத்துக் கடன் வாங்குவது. இரண்டாவது வழியில் வருவதுதான் வீட்டின் மேல் எடுக்கும் லைன் ஒஃப் கிரெடிட். வீட்டின் பெறுமதியில் 65 சதவீதம் வரை வங்கி இப்படிக் கொடுக்கலாம். அதைக் கட்டாமல் விட்டால் வங்கி பிடிக்கப்போவது உங்கள் கொண்டோவை மட்டும் அல்ல, அம்மா சமைத்துக்கொண்டிருக்கும் வீட்டையும்தான்.

இந்தக் கடனின் வட்டி நிலையானதும் அல்ல. கனடா வங்கி தன் அடிப்படை வட்டியை 2020 மார்ச்சிலிருந்து 2022 மார்ச் வரை 0.25 சதவீதத்தில் வைத்திருந்தது. அதன் பிறகு பத்துத் தடவை ஏற்றி, 2023 ஜூலையில் 5 சதவீதத்துக்குக் கொண்டுபோனது. பிறைம் ரேட் 2.45 இலிருந்து 7.20 ஆனது. பிறைமுக்கு மேல் அரை சதவீதம் என்ற கணக்கில் 130,000 டொலர் எடுத்த ஒருவருக்கு, மாத வட்டி மட்டும் சுமார் 320 டொலரிலிருந்து 834 டொலருக்குப் போனது. ஒன்றரை வருடத்துக்குள். அந்த 834 டொலரில் ஒரு சதம்கூட அசலுக்குப் போகவில்லை.

2024 ஜூனிலிருந்து வட்டியைக் குறைக்கத் தொடங்கினார்கள் என்பது உண்மை. குறைந்தது திரும்ப ஏறாது என்று எழுதித் தர யாரும் இல்லை.

ஒரு தாள், ஒரு பேனை

இனி அந்த 650,000 டொலர் கொண்டோவுக்கு ஒரு உதாரணக் கணக்கு. நீங்கள் பார்க்கும் வீட்டுக்கு எண்கள் மாறும், முறை மாறாது.

மோட்கேஜ் 520,000 டொலர். 5 சதவீத வட்டி, 30 வருடம் என்றால் மாதம் ஏறக்குறைய 2,775 டொலர். மெயின்டனன்ஸ் ஃபீ 400, சொத்து வரி 200, காப்புறுதி 30 என்று வையுங்கள். மொத்தம் 3,405. வாடகை 2,300 வருகிறது என்றால், மாதம் 1,105 டொலர் கையிலிருந்து போடுகிறீர்கள்.

இன்னும் முடியவில்லை. அந்த 130,000 டவுன் பேமென்ட் அப்பாவின் வீட்டில் எடுத்த கடன். அதற்கு 6.5 சதவீதம் என்றால் மாதம் இன்னும் 704 டொலர். ஆக மொத்தம் மாதம் 1,809. வருடத்துக்கு 21,700 டொலருக்கு மேல்.

நேர்மையாகச் சொல்ல வேண்டும்: இதில் எல்லாம் நட்டம் அல்ல. முதல் வருடத்தில் மோட்கேஜ் அசல் 7,700 டொலர் அளவில் குறையும். அது உங்கள் பக்கம் சேர்கிறது. அதைக் கழித்தாலும் வருடம் 14,000 டொலர் போயே போய்விடுகிறது. வீட்டு விலை வருடாவருடம் 2 சதவீதத்துக்கு மேல் ஏறினால்தான் நீங்கள் நின்ற இடத்திலேயே நிற்கலாம். வாடகைக்கு ஆள் இல்லாத மாதம், உடைந்த டிஷ்வாஷர், விற்கும்போது கொடுக்கும் கமிஷன் எதையும் நான் இன்னும் சேர்க்கவில்லை.

"அந்த நட்டத்தை டாக்ஸில திரும்ப எடுக்கலாம்" என்பார்கள். வட்டியையும் செலவையும் வாடகை வருமானத்துக்கு எதிராகக் கழிக்கலாம், உண்மைதான். உங்கள் வரி வீதம் 30 சதவீதம் என்றால் 14,000 டொலர் நட்டத்துக்கு 4,200 டொலர் திரும்ப வரும். மிச்சம் 9,800 போனது போனதுதான். ஒரு டொலரைத் தொலைத்தால் முப்பது சதம் திரும்பக் கிடைக்கும் என்பதற்காக யாரும் டொலரைத் தொலைப்பதில்லை.

இன்னும் சுருக்கமான ஒரு சோதனை இருக்கிறது. வருட வாடகை 27,600. அதிலிருந்து மெயின்டனன்ஸ், வரி, காப்புறுதி, ஒரு மாதம் வெறுமையாகக் கிடப்பதற்கான கழிவு எல்லாம் போக 17,740 மிஞ்சும். அதை வீட்டு விலையால் பிரித்தால் 2.7 சதவீதம். அதாவது 5 சதவீதத்துக்குக் கடன் வாங்கி 2.7 சதவீதம் உழைக்கிறோம். யாழ்ப்பாணத்தில் பெட்டிக்கடை வைத்திருந்த எங்கள் தாத்தாமாரிடம் இந்தக் கணக்கைக் கொடுத்திருந்தால் ஒரு நிமிடத்தில் கையை விரித்திருப்பார்கள். நாங்கள் பிஸினஸ் டிகிரியை வைத்துக்கொண்டு கையெழுத்துப் போடுகிறோம்.

'ரொறன்ரோவில் வீட்டு விலை விழாது'

இதுதான் அவர்களின் கடைசி ஆயுதம். மாதம் நட்டம் என்று காட்டினால், "விலை ஏறும், எல்லாம் சரிவரும்" என்பார்கள்.

சில வருடங்களுக்கு முன் ஒரு ஹோலில் நடந்த செமினாருக்கு நானும் போனேன். ரோல்ஸ், கட்லட், தேத்தண்ணி எல்லாம் தந்தார்கள். மேடையில் இருந்தவர் விலைக் கோடு ஒன்றைத் திரையில் காட்டினார். கோடு கீழிருந்து மேலே மட்டும் போனது. கேள்வி நேரத்தில் நான் எழுந்து, "வாடகை செலவைக் கட்டுமா?" என்று கேட்டேன். "தங்கச்சி, நீங்கள் நெகட்டிவா யோசிக்கிறீங்கள்" என்றார். ஹோலே சிரித்தது. என் கேள்விக்குப் பதில் மட்டும் வரவில்லை.

அந்தக் கோடு எங்கிருந்து தொடங்கியது என்பதுதான் விஷயம். 1989இல் ரொறன்ரோ பகுதியில் சராசரி வீட்டு விலை சுமார் 273,000 டொலர். அது விழுந்து 1996இல் 198,000 அளவுக்கு வந்தது. 1989இன் விலையைத் திரும்பத் தொட 2002 ஆனது. பதின்மூன்று வருடங்கள். இடைப்பட்ட காலத்தில் பொருட்களின் விலை ஏறியதைச் சேர்த்தால் இன்னும் மோசம். இது யாரோ கண்டறியாத ஊரின் கதை அல்ல. எங்கள் பெற்றோர் வந்து இறங்கிய ரொறன்ரோ, அதே காலம். விழுந்து கிடந்த அந்த விலையில்தான் அவர்களில் பலர் முதல் வீட்டை வாங்கினார்கள்.

அடுத்த விழுகையை நாங்களே பார்த்தோம். 2022 பெப்ரவரியில் ரொறன்ரோ பெரும்பாகத்தின் சராசரி விலை 1.33 மில்லியன் டொலரில் நின்றது. 2025இன் இரண்டாம் பாதியில் அது 1.1 மில்லியனுக்குக் கீழே. உச்சத்தில் 20 சதவீதம் போட்டு வாங்கியவரின் டவுன் பேமென்டில் பெரும் பகுதி தாளில் காணாமல் போயிருக்கும். அந்த 20 சதவீதமும் கடன் என்றால், கையில் சொந்தக் காசு எதுவும் இல்லாமல் இரண்டு கடன் மட்டும் மிஞ்சும்.

வாடகையும் ஏறிக்கொண்டே போகும் என்றார்கள். 2024 ஜனவரியில் மத்திய அரசு வெளிநாட்டு மாணவர் அனுமதிக்கு உச்சவரம்பு போட்டது. மாணவர்களை நம்பி வாங்கிய சிறு கொண்டோக்கள் எத்தனை! அதே நேரத்தில் புதிய கட்டடங்கள் முடிந்து சந்தைக்கு வந்தன. ரொறன்ரோவில் கொண்டோ வாடகை இறங்கியது. உங்கள் முதலீடு ஒட்டாவாவில் ஒரு அமைச்சர் விடும் அறிக்கையில் தொங்குகிறது என்றால், அதை 'பாதுகாப்பான முதலீடு' என்று சொல்லக் கூடாது.

கட்டாத வீட்டை வாங்குவது

எங்கள் ஆட்களில் அதிகம் பேர் மாட்டியது ப்ரீ-கன்ஸ்ட்ரக்ஷனில். வரைபடத்தைக் காட்டி விற்பார்கள். 5, 5 சதவீதமாகத் தவணையில் கட்டலாம் என்பதால் லேசாகத் தெரியும். "முடியிறதுக்கு முதல் அசைன்மென்டில வித்திட்டு லாபத்தோட வெளியில வரலாம்" என்பார்கள். விலை ஏறிய காலத்தில் சிலர் அப்படி லாபம் எடுத்தார்கள். அவர்கள் கதை எல்லாக் கலியாண வீட்டிலும் கேட்கும். மாட்டியவர்கள் கலியாண வீட்டில் கதைப்பதில்லை.

மாட்டுவது எப்படி என்று பாருங்கள். 700,000 டொலருக்கு ஒப்பந்தம். 140,000 டொலர் தவணையில் கட்டியாயிற்று. மூன்று நான்கு வருடத்தில் கட்டடம் முடிகிறது. குளோசிங்குக்கு மிச்சம் 560,000 வேண்டும். வங்கி மதிப்பீட்டாளரை அனுப்புகிறது. அவர் 560,000தான் பெறும் என்கிறார். வங்கி ஒப்பந்த விலையைப் பார்க்காது, மதிப்பீட்டைப் பார்த்து அதில் 80 சதவீதம் தரும்: 448,000. மிச்ச 112,000 டொலரை நீங்கள் கையில் கொண்டு வர வேண்டும். சில கிழமைக்குள்.

அதற்கு மேல் காணி கைமாற்று வரி. ரொறன்ரோ நகரத்துக்குள் என்றால் மாகாணத்துக்கும் நகரத்துக்கும் இரண்டு தடவை. வாடகைக்கு விடுவதானால், எச்எஸ்டி கழிவாக விலைக்குள் ஏற்கெனவே குறைத்து எழுதிய 24,000 டொலர் வரையான தொகையை முதலில் கையிலிருந்து கட்டிவிட்டு, ஒரு வருட வாடகை ஒப்பந்தத்தைக் காட்டி விண்ணப்பித்துத்தான் திரும்ப எடுக்க வேண்டும். கட்டடம் பதிவாகும் வரை கட்டுநருக்குக் குடியிருப்புக் கட்டணம் வேறு. அதில் ஒரு சதமும் உங்கள் மோட்கேஜைக் குறைக்காது.

குளோஸ் பண்ண முடியாவிட்டால் கட்டிய காசு போகும். கட்டுநர் அதே வீட்டைக் குறைந்த விலைக்கு விற்றுவிட்டு, மிச்சத்துக்கு உங்கள் மேல் வழக்கும் போடலாம். 'விட்டால் போச்சு' என்று விலகிப் போக முடியாத ஒப்பந்தம் அது.

ஒரே ஒரு கதவு திறந்திருக்கிறது. ஒன்ராறியோச் சட்டப்படி கட்டுநரிடம் புதிய கொண்டோ வாங்கினால், ஒப்பந்தமும் அதோடு தர வேண்டிய ஆவணங்களும் கைக்கு வந்ததிலிருந்து 10 நாட்களுக்குள் காரணம் சொல்லாமல் விலகலாம். அந்தப் பத்து நாளில் ஒப்பந்தத்தை உங்கள் சொந்த லாயரிடம் கொண்டுபோங்கள். ஏஜென்ட் கைகாட்டும் லாயரிடம் அல்ல.

'நம்மட ஆள்தானே'

வீட்டை விற்பவர் அப்பாவோடு ஊரில் ஒன்றாகப் படித்தவராக இருக்கலாம். உங்கள் அரங்கேற்றத்துக்கு விளம்பரம் தந்தவராக இருக்கலாம். அவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கணக்கு வேறு. ப்ரீ-கன்ஸ்ட்ரக்ஷனில் அவருக்குக் கமிஷன் கொடுப்பது கட்டுநர். மோட்கேஜ் ஏஜென்ட்டுக்குக் காசு வருவது கடன் கொடுப்பவரிடமிருந்து. நீங்கள் வாங்கினால்தான் அவர்களுக்கு உழைப்பு. "வேண்டாம் தம்பி, இது சரிவராது" என்று சொன்னால் அவர்களுக்கு அன்றைக்கு ஒரு சதமும் இல்லை. அப்படியிருந்தும் அதைச் சொல்கிறவர் கிடைத்தால் விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். வருமானம் போதாவிட்டால் "வேலைக் கடிதம் ஒண்டு எடுக்கலாம்" என்று சிலர் மெதுவாகச் சொல்வார்கள். அல்லது, "குடியிருக்கப் போறன் எண்டு சொல்லிக் குறைஞ்ச டவுன் பேமென்ட் போடுங்கோ, பிறகு வாடகைக்கு விடலாம்" என்பார்கள். "எல்லாரும் செய்யினம்" என்பதுதான் இதற்கு நியாயம். பொய்க் கடிதம் கொடுத்துக் கடன் வாங்குவது குற்றம். அந்தக் கடிதத்தின் கீழே இருப்பது உங்கள் கையெழுத்து, அவருடையது அல்ல. வங்கிகள் வருமானத்தைப் பார்ப்பதும், உங்களுக்குக் கிடைக்கும் வட்டியோடு 2 சதவீதம் கூட்டிக் கட்ட முடியுமா என்று சோதிப்பதும் உங்களை வதைக்க அல்ல. 2022இலும் 2023இலும் வட்டி ஏறியபோது அந்தச் சோதனை எதற்கு என்று தெரிந்தது.

கையெழுத்தைப் போடுவது அவர்கள், வாசிப்பது நாங்கள்

இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன்.

எட்டு ஒன்பது வயதிலிருந்து வீட்டுக்கு வரும் ஆங்கிலக் கடிதங்களை அம்மாவுக்கு வாசித்துச் சொன்னவர்கள் நாங்கள். ஹைட்ரோ பில், பள்ளிக்கூடக் கடிதம், குடிவரவுப் படிவம். "இதில என்ன போட்டிருக்கு? எங்க சைன் வைக்கிறது?" என்று கேட்பார்கள். நாங்கள் விரலை வைத்த இடத்தில் அவர்கள் கையெழுத்து வைத்தார்கள்.

லைன் ஒஃப் கிரெடிட் ஒப்பந்தத்திலும் அதேதான் நடக்கிறது. முப்பது நாற்பது பக்கம். அவர்கள் வட்டி விதியை வாசித்து, விளங்கி, யோசித்துச் சம்மதிக்கவில்லை. பிள்ளை படித்திருக்கிறது, பிள்ளைக்குத் தெரியும் என்று நம்பிச் சம்மதிக்கிறார்கள். இரவு வேலை, இரண்டு வேலை, சீட்டுக் கட்டி எடுத்த காசு, பேஸ்மென்டை வாடகைக்கு விட்டு மேலே ஒரு அறையில் நான்கு பேர் படுத்த வருடங்கள். அந்த மோட்கேஜைக் கட்டி முடித்த அன்று வீட்டில் பொங்கிப் படைத்தவர்கள் உண்டு. அறுபது வயதில் அவர்களைத் திரும்பக் கடன்காரர் ஆக்குகிறோம்.

சில வீடுகளில் அப்பாதான் முதலில் ஆசைப்படுவார் என்பதும் உண்மை. "அவன்ர மகன் மூண்டு வீடு வச்சிருக்கிறான்" என்று தொடங்குவார். அப்போது கணக்கைப் போட்டுக் காட்ட வேண்டிய ஆள் நீங்கள்தான். அந்த வீட்டில் அதைச் செய்யக்கூடிய வேறு ஆள் பெரும்பாலும் இருப்பதில்லை.

"அவையள் வீட்டாலதானே முன்னுக்கு வந்தவை" என்று கேட்கலாம். ஆம். ஆனால் எப்படி என்று பாருங்கள். அவர்கள் வாங்கிய வீட்டில் அவர்களே குடியிருந்தார்கள். விலை ஏறினாலும் இறங்கினாலும் படுக்க இடம் இருந்தது. பேஸ்மென்ட் வாடகை மோட்கேஜுக்குப் போனது. வருடக்கணக்கில் அசலைக் குறைத்தார்கள். குடியிருக்கும் வீடு என்பதால் விற்றபோது வந்த லாபத்துக்கு வரியும் இல்லை. உங்கள் வாடகைக் கொண்டோவை விற்றால் லாபத்தில் பாதி வருமானமாகக் கணக்கில் சேரும். அவர்கள் செய்ததும் இன்று செமினாரில் விற்பதும் ஒன்றல்ல.

அப்ப என்னதான் செய்யிறது?

வீடே வாங்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. ஒழுங்கை மாற்றுங்கள் என்கிறேன்.

முதலில் உங்கள் 'முதல் வீடு' என்ற தகுதியைக் காப்பாற்றுங்கள். முதல் வீடு வாங்குபவருக்கு ஒன்ராறியோ காணி கைமாற்று வரியில் 4,000 டொலர் வரையும், ரொறன்ரோ நகரம் 4,475 டொலர் வரையும் கழிவு தருகின்றன. குடியிருக்க வாங்கினால்தான் அது கிடைக்கும். அதற்கு முன் உலகில் எங்கும் உங்கள் பெயரில் வீடு இருந்திருக்கக் கூடாது. இன்வெஸ்ட்மென்ட் கொண்டோவை முதலில் வாங்கினால் இது போய்விடும். பத்தொன்பது வயதில் மோட்கேஜ் கிடைப்பதற்காக அப்பா உங்கள் பெயரையும் வீட்டு உறுதியில் போட்டிருந்தால் அதுவும் பாதிக்கும். ஊரில் இருக்கும் வீட்டை உங்கள் பெயருக்கு எழுதப்போகிறார்கள் என்றால், எழுத முன் லாயரைக் கேளுங்கள்.

இரண்டாவது, முதல் வீட்டுச் சேமிப்புக் கணக்கைத் திறவுங்கள். 2023 ஏப்ரலிலிருந்து இருக்கிறது. வருடம் 8,000, மொத்தம் 40,000 டொலர் வரை போடலாம். போடும் காசு வரியில் கழியும், தகுதியான முதல் வீட்டுக்கு எடுக்கும்போதும் வரி இல்லை. எந்த ஹோலிலும் இதைப் பற்றிச் செமினார் வைக்க மாட்டார்கள். இதில் யாருக்கும் கமிஷன் இல்லை.

மூன்றாவது, நீங்கள் குடியிருக்கும் வீட்டில் தொடங்குங்கள். அதே 650,000 டொலர் வீட்டில் நீங்களே குடியிருந்தால், முதல் 500,000க்கு 5 சதவீதமும் மிச்சத்துக்கு 10 சதவீதமும்: மொத்தம் 40,000 டொலர் போதும். இதில் மோட்கேஜ் காப்புறுதியாகக் கடனில் ஏறக்குறைய 4 சதவீதம் கூடும், அதையும் கணக்கில் எடுங்கள். இரண்டு நண்பர்களுக்கு அறை விடுங்கள். அல்லது அனுமதி எடுத்த பேஸ்மென்ட் உள்ள வீட்டைப் பாருங்கள். அனுமதி இல்லாத பேஸ்மென்டில் அவசர வழி இல்லாமல் ஆட்களை விட்டு உழைக்க வேண்டாம். அதில் படுப்பவரும் பெரும்பாலும் எங்களைப் போல வந்து இறங்கிய ஒருவர்தான்.

அதற்குப் பிறகும் வாடகைக்கென்று ஒன்று வாங்க வேண்டும் என்றால், இவற்றைப் பாருங்கள்.

விளம்பரத்தில் கேட்கும் வாடகையை நம்ப வேண்டாம். அதே கட்டடத்தில் கடந்த மூன்று மாதத்தில் உண்மையில் எவ்வளவுக்குப் போனது என்று கேளுங்கள். வட்டி 2 சதவீதம் ஏறினால் கட்ட முடியுமா என்று கணக்குப் போடுங்கள்.

பழைய கொண்டோ என்றால் ஸ்டேட்டஸ் சேட்டிபிக்கற் எடுங்கள். 100 டொலர்தான். கட்டடத்தின் சேமிப்பு நிதி, நடக்கும் வழக்குகள், வரப்போகும் விசேட அறவீடு எல்லாம் அதில் தெரியும். புதுக் கட்டடத்தில் குறைவாகக் காட்டும் மெயின்டனன்ஸ் ஃபீ அப்படியே இருக்கும் என்று நினைக்காதீர்கள்.

2018 நவம்பர் 15க்கு முன் குடியேறிய வீடா, பிறகா என்று பாருங்கள். முந்தியது என்றால் இருக்கும் குடியிருப்பாளருக்கு மாகாணம் சொல்லும் அளவுக்குத்தான் வருடாவருடம் வாடகை ஏற்றலாம்: 2025இல் அது 2.5 சதவீதம். வாடகை வராவிட்டால் ஆளை நீங்களே வெளியேற்ற முடியாது, ட்ரிபியூனலுக்குப் போக வேண்டும், மாதக்கணக்கில் இழுக்கும். ஆகவே ஆறு மாதச் செலவு கையில் இல்லாமல் இறங்க வேண்டாம். அந்த ஆறு மாதக் காசும் அப்பாவின் லைனில் இருக்கக் கூடாது.

இப்போது எட்மன்டன், கல்கரி என்று புதுப் பாட்டுத் தொடங்கியிருக்கிறது. விலை குறைவு, வாடகை காணும் என்கிறார்கள். இருக்கலாம். அதே தாளில் அதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். போய்ப் பார்க்காத தெருவில், தெரியாத ஒருவரின் மேற்பார்வையில், கடன் காசில் வாங்கும் வீட்டுக்கு இன்னும் கவனம் வேண்டும்.

இத்தனையும் பார்த்த பிறகு உங்கள் சொந்தக் காசில், சொந்த வருமானத்தில் வாங்கி நட்டப்பட்டால்கூடப் பரவாயில்லை. உங்களுக்கு இருபத்தேழு வயது. திரும்ப உழைக்கலாம். அறுபத்திரண்டு வயதில் முழங்கால் வலியோடு இருக்கும் அம்மாவால் அது முடியாது.

அடுத்த தடவை யாராவது "ஈக்குவிட்டி தூங்குது" என்று சொன்னால், சண்டை பிடிக்க வேண்டாம். மாத வாடகை எவ்வளவு, மாதச் செலவு எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்று ஒரு தாளில் தன் கையால் எழுதிக் கையெழுத்து வைத்துத் தரச் சொல்லுங்கள். எழுதித் தந்தால் வீட்டுக்குக் கொண்டுபோய் அம்மா அப்பாவோடு இருந்து தமிழில் வாசித்துச் சொல்லுங்கள். தர மறுத்தால் ரோல்ஸைச் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வாருங்கள்.